வேலைக்கு வரும் அம்மாவை நாலு வயசுப் பாப்பா பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

சிறுவாணித்தண்ணி – செவ்வாய், இரவு 9.50

வடவள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 58 இருக்கும். நான், கணவர், மாமியார் மூன்று பேரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஆனால் 'வாங்க, போங்க' தவறாது.

நேற்றுச் சாயங்காலம் அவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். பாப்பா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர் பேரைச் சொல்லி, "தண்ணி குடு" என்றாள். குடுங்க கூட இல்லை, குடு. அவர் சோப்புக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேல்தட்டிலிருந்து பாப்பாவின் சில்வர் டம்ளரைத் தேடி எடுத்து, "இந்தாங்க சாமி" என்று நீட்டினார்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முப்பதுகூட இருக்காது. அவரை 'ஆன்ட்டி' என்பாள். அதை நான்தான் வாசலில் நிறுத்தி மூன்று தடவை சொல்லவைத்துப் பழக்கினேன். இவரை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராத்திரி வீட்டில் இதே பேச்சு. கணவர் 'ஆன்ட்டி' என்றார். மாமியார் 'ஆயா' என்றார். நான் 'பாட்டி' என்றேன். பாட்டி என்றதும் மாமியார் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, "அப்ப நான் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீடுகளில் எப்படி?

மஞ்சமண்டி – செவ்வாய், இரவு 10.05

ஆயா மட்டும் வேண்டாங்க. எங்கள் வீட்டில் பாட்டியைத்தான் ஆயா என்போம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள், பையன்களுக்குக் கால் கழுவிவிடும் அம்மாவையும் ஆயா என்றார்கள். "நம்ம ஆயா ஏன் அங்க வரல, இது யாரு?" என்று வீட்டுக்கு வந்து அழுதேனாம். இப்போது எனக்கு 44. கல்யாணம் காட்சியில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழய்யா – செவ்வாய், இரவு 10.40

இரண்டும் வேறு வேறு சொல். வீட்டு ஆயா, தாயைக் குறிக்கும் 'ஆய்' வழி வந்தது. பள்ளிக்கூடத்து ஆயாவுக்கு மூலம் போர்ச்சுகீசியம்; பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண் என்று பொருள். வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கி நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. காதுக்கு ஒன்றாக விழுவதால் ஒட்டிக்கொண்டன.

என்னை யோசிக்க வைத்தது அந்தக் 'குடு'தான். ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணத்தில் சேர்ந்ததல்ல என்கிறது தொல்காப்பியம். வழக்கு என்றால் காதில் விழுவது. கொங்கு நாட்டில் பிறந்த பிள்ளைக்கு 'ங்க' காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. இங்கே பெரியவர்கள் கைப்பிள்ளையிடமே "சாப்டீங்களா கண்ணு" என்று கேட்பார்கள். ஈரோட்டுக்காரரான பெரியார் சிறுவர்களையும் 'வாங்க' என்றுதான் அழைப்பார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வதுண்டு. ஆக, உங்கள் மகளுக்கு 'ங்க' தெரியாமல் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் போட்டிருப்பாள். இந்த ஒருவரிடம் மட்டும் விட்டிருக்கிறாள். விடலாம் என்று அவளுக்கு எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது.

தப்பாக நினைக்காதீர்கள் அம்மா, ஒன்று கேட்கிறேன். அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவரைப் பற்றி நீங்கள் மூவரும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?

தறிச்சத்தம் – புதன், காலை 6.15

இதுக்கெல்லாமா ஒரு இழை? நம் ஊரில் இருக்கவே இருக்கிறது அண்ணா, அக்கா. பஸ் கண்டக்டர் அண்ணா, டீக்கடை அண்ணா, தறிக்கு நூல் கொண்டுவருகிறவர் அண்ணா. எனக்கு 52, என்னை 60 வயசுக்காரர் "ஏனுங்ணா" என்கிறார், நானும் அவரை "சொல்லுங்ணா" என்கிறேன். யாருக்கும் குறை இல்லை. பாப்பாவை அக்கான்னு கூப்பிடச் சொல்லுங்க. வேலை முடிஞ்சுது.

கீழ்பவானி – புதன், காலை 8.30

தறிச்சத்தம் அண்ணா, அந்த அண்ணா எல்லோருக்கும் கிடைத்ததில்லை.

எங்கள் அப்பா கோபிப் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். பண்ணாடி, அதாவது பண்ணையத்துச் சொந்தக்காரர், வீட்டுப் பேரனுக்கு என் வயது. ரெண்டு பேருக்கும் அப்போது எட்டு. அப்பா கரும்புக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவன் வரப்பில் நின்று, அப்பா பேரைச் சொல்லி, "அப்பாரு கூப்பிடறாரு, வாடா" என்றான். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வர்றனுங்க சின்னப் பண்ணாடி" என்றார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். நான் பக்கத்தில் சேற்றில் நின்றிருந்தேன்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அன்று மத்தியானம் என்னோடு மாங்காய் பொறுக்கினவன்தான். அவன் வீட்டுத் திண்ணையில் என் அப்பா பேர் அப்படித்தான் புழங்கியது, அவன் வாயிலும் அப்படியே வந்தது.

அப்பா ராத்திரி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. "வாங்க", "படிங்க", "தூங்குங்க". அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். கடைசிவரை அப்படியே இருந்துவிட்டுப் போனார்.

தறிச்சத்தம் – புதன், காலை 8.50

கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கு. ஆனா அது அந்தக் காலமுங்க. இப்ப யாரு அப்படிப் பேசறாங்க?

கீழ்பவானி – புதன், காலை 9.02

நான் சொன்னது 1984இல் நடந்தது. இந்த இழையின் முதல் பதிவு நேற்றைக்கு முன்தினம் சாயங்காலம் நடந்தது.

காங்கயத்து மருமகள் – புதன், மதியம் 1.20

அண்ணா, அக்கா ஏன் எல்லோருக்கும் பொருந்துகிறது, மாமா ஏன் பொருந்துவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? எங்கள் மாமனார் புதிதாக யாரைப் பார்த்தாலும் ரெண்டாவது கேள்வி "என்ன கூட்டமுங்க?" என்பதுதான். கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. அந்த வீட்டு ஆண்கள் எல்லாம் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். அதாவது பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். என் மகன் ஒருவரை மாமா என்று கூப்பிட்டால் அவர் மகள் அவனுக்கு முறைப்பெண் ஆகிவிடுகிறாள். ஒரு சொல்லில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி!

அதனால் எங்கள் வீட்டில் சொந்தச் சாதிக்கு வெளியே மாமா, அத்தை போகாது. வெளியாட்களுக்கு அண்ணா, அக்கா. அதுவும் பெரியவர்கள் பார்த்து விட்டால்தான். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேர்தான். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வாக்கப்பட்டு வந்த ஆறு மாதத்தில் எனக்கே பழகிவிட்டது.

கோயம்புத்தூர் ஃபிளாட்டுகளில் அங்கிள், ஆன்ட்டி இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதற்கு இங்கிலீஷ் மோகம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கிள் என்றால் பங்காளியா, மாமனா என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, ஆனாலும் அதில் இந்த ஒரு வசதி இருக்கிறது.

சிறுவாணித்தண்ணி, உங்கள் மாமியார் பாப்பாவுக்கு அப்பாவின் அம்மாதானே? அவருக்கு அப்பத்தா என்று பட்டம் கட்டிவிடுங்கள். பாட்டி காலியாகிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழய்யா – புதன், மதியம் 2.00

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பேருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பெரும்பாலும் விட்டும்விட்டோம். கூப்பிடும் முறைக்கு யாரும் தீர்மானம் போடவில்லை.

பவர்டேபிள் – புதன், இரவு 8.45

சீரியஸாகப் போகிறது, நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி என் அத்தை மகள். கட்டின நாளிலிருந்து என்னை "ஏனுங் மாமா" என்றுதான் கூப்பிடுவாள். பையனுக்கு ரெண்டரை வயதில் பேச்சு வந்தது. கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம், பையர் வந்திருக்கிறார், வீட்டிலிருந்து வீடியோ கால். எடுத்தால் பையன் திரை முழுக்க மூக்கை வைத்துக்கொண்டு, "ஏனுங் மாமா, சோத்துக்கு வர்றீங்களா?" கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

எங்கள் அப்பாவே அவருடைய அம்மாவைக் கடைசிவரை 'அண்ணி' என்றுதான் கூப்பிட்டார். கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பாமார் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தது.

திருப்பூரில் எங்களுக்கு வேறு ஒரு சிக்கல். லைன் வீட்டில் அடுத்த கதவு ஒடிசாக்காரக் குடும்பம். அந்த அம்மா செக்கிங்கில் இருக்கிறார். அவர்கள் பிள்ளை ஆறே மாதத்தில் என்னை "அண்ணா", என் மனைவியை "அக்கா" என்று அச்சு அசல் நம் ஊர் இழுப்போடு கூப்பிடுகிறான். என் பையன் அவன் அம்மாவை "இந்திக்காரம்மா" என்கிறான். அவர் பேசுவது இந்திகூட இல்லை, ஒடியா. வெட்கமாகப் போய்விட்டது. நேராகப் போய்க் கேட்டேன். "மாவுசி" என்றார். அம்மா கூடப் பிறந்தவளுக்கு அவர்கள் சொல்வது, நம் சித்தி, பெரியம்மா மாதிரி. இப்போது பையன் தெரு முனையிலிருந்தே "மாவுசீ" என்று கத்திக்கொண்டு போகிறான். அந்த அம்மா அவனுக்கென்று எதையாவது எடுத்து வைத்திருக்கிறார். இவனுக்கு எங்கள் வீட்டுச் சோறு இறங்குவதில்லை, அது தனி வழக்கு.

தாராபுரத்தான் – புதன், இரவு 11.30

ஸ்டாக்ஹோமில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இங்கே டீச்சரோ, டாக்டரோ, மேலதிகாரியோ எல்லோருக்கும் வெறும் பேர், ஒருமை. எப்போதும் இப்படி இருந்ததில்லையாம். முன்பு பட்டத்தைச் சொல்லித்தான் பேச வேண்டும், இல்லையென்றால் மரியாதைக் குறைவு. 1967இல் இங்கே மருத்துவத்துறைத் தலைவராக வந்தவர், இனிமேல் தன் அலுவலகத்தில் எல்லோரையும் ஒருமையில்தான் பேசப்போகிறேன், எல்லோரும் என்னையும் அப்படியே பேசுங்கள் என்றார். கொஞ்ச வருடத்தில் நாடே மாறிவிட்டது. இவர்கள் எல்லோரையும் கீழே இறக்கிச் சமம் ஆக்கினார்கள், கோபிக்காரர் அப்பா மகனை மேலே ஏற்றிச் சமம் ஆக்கியிருக்கிறார். காலையில் படித்தது, இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கதை சின்னதுதான். மூன்று வருடத்துக்கு முன் மகளைத் தாராபுரத்துக்குக் கூட்டிவந்தோம். மச்சினன் மகளுக்குக் காது குத்து. பந்தலில் ஒரு நாற்பது பேர். இவள் இங்கத்துப் பழக்கத்தில் என் மாமனாரை, அவளுக்கு அப்புச்சி, பேர் சொல்லி, "இங்கே வா, இதைப் பாரு" என்று கூப்பிட்டுவிட்டாள். பந்தல் அமைதியாகிவிட்டது. என் மனைவிக்கு முகம் சிவந்துபோயிற்று. அவர் மட்டும் கயிற்றுக் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து போனார். "எம்பேரு சொல்லிக் கூப்பிட்ட ஆளுக எல்லாம் போயாச்சு. கடைசியா எங்க பெரியக்கா. அவளும் போயி ஏழு வருசம் ஆச்சு" என்றார். அன்றைக்கு முழுக்க அவளை அப்புச்சி என்று திருத்தச் சொல்லி யாரையும் விடவில்லை.

சிறுவாணித்தண்ணி வீட்டு விஷயத்துக்கு இது பொருந்தாது, தெரியும். அந்த அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரே இருக்கிறது.

பால்வாடி டீச்சர் – வியாழன், காலை 7.10

பல்லடம் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மையத்தில் நான் 'டீச்சர்', உதவியாளர் 'ஆயா'. அடுப்பு மூட்டி, முட்டை வேகவைத்து, உரித்து, ஊட்டி, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் என் பேச்சைவிட அவர் பேச்சைத்தான் கேட்கும். ஆனாலும் அந்த ஆயாவில் ஒரு அதட்டல் இருக்கும். "ஆயா! சோறு!" என்று. அவருக்கு என்னைவிட ரெண்டு வயதுதான் அதிகம். ஒரு திங்கட்கிழமை நான் அவரை எல்லோர் முன்னாலும் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் அக்கா. ஒருத்தன் மட்டும் "ஆயாக்கா" என்பான், இப்போது மூணாவது படிக்கிறான், இன்னும் அதேதான்.

இன்னொன்று. வந்தவர் முன்னால் பிள்ளையை நிறுத்தி "ஆன்ட்டி சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். கூச்சப்படும் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. நீங்கள் கூப்பிடுங்கள், போதும். அதேபோல, "மாமா சொல்லு, மாமாவுக்கு முத்தம் குடு" என்று ரெண்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மாமா என்று கூப்பிடுவதற்காகப் பிள்ளை யார் மடியிலும் உட்கார வேண்டியதில்லை. 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு இதைப் பற்றி எங்களுக்கு வகுப்பெல்லாம் எடுத்தார்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணை மையத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் விசேஷ வீடுகளில் "மாமாவுக்கு ஒரு உம்மா" நிற்கவில்லை.

சிறுவாணித்தண்ணி – வியாழன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. அப்பத்தா எடுபடவில்லை. கேட்டால் கிழவி மாதிரி இருக்கிறதாம்.

தமிழய்யா கேட்டதற்குப் பதில் எழுதாமல் ரெண்டு நாள் கவனித்தேன். "மழை வருது, அவ வருவாளா?" இது மாமியார். "அவகிட்ட அந்தப் பழைய சட்டையைக் குடுத்துவிடு." இது கணவர். "வந்துட்டாளா, இல்லையா? எனக்கு மீட்டிங் இருக்கு." இது நான். இன்று காலையில் மட்டும் நானே நாலு தடவை. அவர் வந்ததும் மூன்று பேரும் "வாங்க". அவர் போய்க் கதவைச் சாத்தினதும் "அவ". பாப்பா நாள் முழுக்கக் கதவுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறாள்.

தறிச்சத்தம் – வெள்ளி, காலை 6.05

படிச்சுட்டுத் தறிக்கொட்டகைக்கு வந்தேன். தார் போடற பொண்ணு வரல. "அவ எங்க போயிட்டா"ன்னு கேட்டுட்டேன். கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க.

காங்கயத்து மருமகள் – வெள்ளி, காலை 11.00

நாம் இங்கே ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவைக் கேட்டீர்களா? பவர்டேபிள் போய்க் கேட்டாரே, அந்த மாதிரி.

சிறுவாணித்தண்ணி – ஞாயிறு, இரவு 9.15

கேட்டேன். முதலில், "எதுக்குங்க அதெல்லாம், பாப்பா எப்படிக் கூப்பிட்டா என்னங்க" என்று அடுப்பைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். விடாமல் பாட்டி, அம்மாயி என்று நானே ரெண்டு சொல்லிப் பார்த்தேன். கை நின்றது. "அம்மாயி வேண்டாம்ங்க. எம் பேத்தி என்னைய அப்படித்தான் கூப்பிடுவா. அது அவளுக்கு. பெரியம்மான்னு வேணாக் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். நான் ஏதோ பெரிதாகக் கொடுக்கிறேன் என்ற நினைப்பில் போனேன், அவர் தன்னிடம் இருப்பதிலிருந்து எதைக் கொடுப்பது என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

பாட்டி பத்திரமாக இருப்பதில் மாமியாருக்கு நிம்மதி. பாப்பா ரெண்டு தடவை "பெரீம்மா" என்றாள், மூன்றாவது தடவை பழையபடி பேர். 'குடு' பாதி நேரம் 'குடுங்க' ஆகியிருக்கிறது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று. அவளுக்குப் பெரியம்மா என்றால் எனக்கு அக்கா. பால்வாடி டீச்சர் சொன்னபடி முதலில் நான்தானே கூப்பிட வேண்டும்? இன்று காலை மூன்று தடவை வாய்வரை வந்தது. கடைசியில் "காபி ஆறுது" என்று பேரும் இல்லாமல், முறையும் இல்லாமல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மஞ்சமண்டி – ஞாயிறு, இரவு 9.30

வரும், வரும். மாமியாரை 'அத்தை' என்று கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதுவரைக்கும் "இங்க பாருங்க"தான்.

கீழ்பவானி – ஞாயிறு, இரவு 9.48

காபி எந்த டம்ளரில் கொடுத்தீர்கள்?

சிறுவாணித்தண்ணி – ஞாயிறு, இரவு 10.35

அவருக்கென்று ஒன்று இருக்கிறது. சிங்க்குக்குக் கீழே வைத்திருக்கிறோம்.